அம்புக்குறி இல்லாத பெட்டி

அன்று காலையிலிருந்தே அண்ணிக்கு இருப்புக்கொள்ளவில்லை. அந்தப் பார்சல் கம்பெனியில் பாதிப் பேருக்கு அவள் அண்ணிதான். அவளோடு கணினிப் பிரிவில் வேலை பார்க்கும் கொழுந்தன் வாய் ஓயாமல் அப்படிக் கூப்பிட்டு ஊருக்கே பழக்கிவிட்டான். அவனுக்கு அங்கே வேலை வாங்கிக் கொடுத்ததும் அவள்தான்.

வினை வாரக் கடைசி வகுப்பில் தொடங்கியது. கம்பெனியின் கணினி அமைப்புகளை எல்லாம் ஒரே தாளில் பெட்டி பெட்டியாக வரைந்து, எது எதைத் தாங்குகிறது, எதனால் தொழிலுக்கு என்ன லாபம் என்று பார்க்கும் படிப்பு. மேனேஜர்தான் அனுப்பிவைத்தார். வகுப்பெடுத்த அம்மாள் படு கறார்.

"கம்ப்யூட்டர் ஓடுதுங்கிறது பயன் இல்லம்மா. அதனால பார்சல் சீக்கிரம் போகுதா, வாடிக்கையாளர் திரும்ப வர்றாரா? அந்தப் பக்கம் அம்புக்குறி போகலன்னா அந்தப் பெட்டி எதுக்கு?"

வரைந்து பார்த்தாள். எல்லாப் பெட்டியிலிருந்தும் அம்புக்குறி போயிற்று, ஒன்றைத் தவிர. ஹாலில் தொங்கும் பெரிய திரையில் கலர் கலராகப் படம் காட்டுகிற கொழுந்தனின் பெட்டி அது. சாயங்காலம் மேனேஜர் வரைபடத்தைக் கேட்பார். அம்புக்குறி இல்லாத பெட்டியில் அவள் சிவப்புக் கோடு போட வேண்டும்; கோடு விழுந்த பெட்டியை மூடிவிடுவார்கள். அதைக் கட்டி மேய்ப்பவன் குடோனுக்குப் போக வேண்டியதுதான்.

"தம்பி வேலையில மட்டும் கை வச்சுடாதே. அம்மா மூஞ்சியில நான் முழிக்க முடியாது" என்று கணவர் சாப்பாட்டு மேஜையிலேயே பெரிய கும்பிடாகப் போட்டார். கோடு போட்டால் வீட்டில் வில்லி, போடாவிட்டால் படித்த படிப்பு தண்டம். நல்ல பிழைப்பு!

தன் பெட்டியைச் சோதிக்காமல் அவன் பெட்டியில் கோடு போட அவளுக்கு மனசு வரவில்லை. அவர்கள் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு புரோகிராம் தேவையா என்று சந்தேகம் வந்தால், சத்தமில்லாமல் நிறுத்திவிட்டு யார் கத்துகிறார்கள் என்று காத்திருப்பார்கள். எங்கெங்கே பார்சல் தேங்குகிறது என்று எல்லாக் கிளைகளுக்கும் தினமும் போகும் தாமத அறிக்கைதான் அவள் பெட்டி, பெற்ற பிள்ளை மாதிரி. அன்று காலை வந்ததும் அதை நிறுத்தினாள். போன் பிய்த்துக்கொள்ளும், உடனே திரும்ப ஓடவிட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கோடு போடலாம் என்பது கணக்கு.

போன் மூச்சு காட்டவில்லை. ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தாள். உயிரோடுதான் இருந்தது. குட்டி போட்ட பூனை மாதிரி மேஜையைச் சுற்றிச் சுற்றி வந்தாள். மதியச் சாப்பாட்டு டப்பாவைப் போன் பக்கத்திலேயே திறந்து வைத்துக்கொண்டாள். யாராவது ஒருத்தர் திட்டித் தொலையுங்களேன் என்று கெஞ்சத் தோன்றியது.

கடைசியில் போன் வரவில்லை, கொழுந்தனே ஓடி வந்தான்.

"அண்ணி, காலையிலேர்ந்து உங்க ரிப்போர்ட் வரல. திரையில என் படம் வெறுமையா நிக்குது. நானும் தலைகீழா நின்னு பார்த்துட்டேன்."

அப்பாடா, ஒருத்தன் கத்திவிட்டான்! சந்தோஷம் பொங்கியது. அது அடங்குவதற்குள் ஒரு கேள்வி அவளைக் குடைந்தது.

"படம் வரலன்னு உன்னை யாராவது கேட்டாங்களா?"

"யாரு கேப்பா? நீங்கதானே தினமும் வந்து பார்ப்பீங்க?"

உண்மைதான். தன் அறிக்கையின் எண்கள் சரியா என்று அவள் அவனுடைய படத்தைப் பார்த்துத்தான் உறுதி செய்துகொள்வாள். அந்தப் படமோ அவளுடைய அறிக்கையிலிருந்து வருவது. இத்தனை வருஷமாக இரண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் மும்முரமாக வேலை பார்த்திருக்கிறார்கள். அவளுக்கு அவமானமாக இருந்தது. அழுகை முட்டியது.

வரைபடத்தை அவன் முன்னால் விரித்தாள். தன் பெட்டியிலிருந்து கிளைகளுக்குத் தானே ஆசை ஆசையாக வரைந்திருந்த அம்புக்குறிகளை அழித்தாள். பெட்டியின் குறுக்கே சிவப்புக் கோடு போட்டாள். பேனாவை அவனிடம் நீட்டினாள்.

"உன்னோடதை நீயே போடு."

அவன் அவள் முகத்தையே பார்த்தான். "வீட்ல அண்ணன்கிட்ட?"

"என்னோடதும் போச்சுன்னு நான் சொல்லிக்கிறேன்."

அவன் குனிந்து கோடு போடும்போது போன் அடித்தது. மேனேஜர்தான்.

"வரைபடம் ரெடியாம்மா?"

"ரெடி சார். குடோன்ல ரெண்டு நாற்காலி போடச் சொல்லுங்க. பார்சல் எங்க தேங்குதுன்னு நாங்க நேர்ல போய்ப் பார்க்கணும்."