விட்டுப்போன நூறு கிலோமீட்டர்

முப்பத்தோரு வருஷம் லாரி ஓட்டிய மனிதர் அவர். அந்த முப்பத்தோரு வருஷத்தில் ஒரு தடவைகூட யாரிடமும் வழி கேட்டதில்லை. வழி தவறி எண்பது கிலோமீட்டர் சுற்றிக்கொண்டு வருவாரே தவிர, கண்ணாடியை இறக்கி, "ஏங்க, இந்த ரோடு எங்க போகுது?" என்று கேட்க மாட்டார். அப்படி ஒரு வீம்பு. சிறுநீரகம் இரண்டும் அவரைக் கைவிட்ட பிறகும் அந்த வீம்பு மட்டும் கூடவே இருந்தது.

செவ்வாய், வியாழன், சனி. காலை ஏழு மணிக்கு டயாலிசிஸ் சென்டர். வாசலில் செருப்பை விட்டதும் முதல் வேலை எடை மெஷின். போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் நடுவில் எத்தனை டம்ளர் தண்ணீரைத் திருட்டுத்தனமாகக் குடித்தீர் என்று அது பட்டென்று காட்டிக்கொடுத்துவிடும். அப்புறம் ஜன்னலோரக் கட்டில். அப்புறம் இடது கையில் இரண்டு ஊசி. காய்ச்சலுக்குப் போடுகிற ஊசி என்று நினைத்துவிடாதீர்கள், சாக்குத் தைக்கிற ஊசி கணக்காகத் தடிமன். ஒன்றின் வழியாக ரத்தம் வெளியே போய், மெஷினுக்குள் சுத்தமாகி, மற்றொன்றின் வழியாகத் திரும்பி வரும். நாலு மணி நேரம் அந்தக் கையை அசைக்கக் கூடாது.

மலைப்பாதையில் பிரேக் பிடிக்காத வண்டியை ஒற்றை ஆளாக நிறுத்தியவர், முதல் நாள் அந்த ஊசியைப் பார்த்ததும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். டெக்னீஷியன் பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். அவள் சிரிக்கவும் இல்லை, அதட்டவும் இல்லை.

"அண்ணே, நீங்க டிரைவராமே. ஒரு கேள்வி கேக்கறேன். பிரான்ஸ் நாட்டுக்கு எந்த நாட்டோட எல்லை ரொம்ப நீளம்?"

"ஸ்பெயின்" என்றார் டிரைவர், யோசிக்காமல்.

"இல்லையே. பிரேசில்னு சொல்றாங்க. நிஜமா, புருடாவா?"

"பிரேசிலா? அது கடலுக்கு அந்தப் பக்கம் கிடக்கு! காதுல பூ சுத்தறதுக்கும் ஒரு அளவு வேணும்மா!"

அவர் பொங்கி முடிப்பதற்குள் இரண்டு ஊசியும் ஏறி, பிளாஸ்திரியும் ஒட்டியாகிவிட்டது. "பதில்?" என்றார். "வியாழக்கிழமை" என்றாள்.

அதுதான் அவள் வழக்கம். ஊசி போடும்போது கேள்வி, பதில் அடுத்த தடவை. ஆளுக்கு ஏற்ற மாதிரி சரக்கு வைத்திருந்தாள். பக்கத்துக் கட்டில் டெய்லரம்மாவுக்கு விடுகதை, எதிர்க்கட்டில் போஸ்ட்மேனுக்கு சினிமா, டிரைவருக்கு பூகோளம். வியாழக்கிழமை பதில் வந்தது: நிஜம். தென் அமெரிக்காவில் பிரெஞ்சு கயானா என்று ஒரு பகுதி, அது பிரான்ஸின் சொந்த மண், அதை ஒட்டித்தான் பிரேசில். டிரைவருக்கு மூக்கு உடைந்ததுதான் மிச்சம். ஆனால் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் மனைவியிடம் அதையே சொல்லிக்கொண்டு போனார்.

அந்த அம்மாள் கெட்டிக்காரி. மறுநாளே ஒரு பெரிய உலக மேப் வாங்கி வந்து கூடத்துச் சுவரில் ஒட்டினாள். பெரிய சாலைகளையெல்லாம் மெல்லிய சிவப்புக் கோடாகக் காட்டுகிற மேப். டிரைவர் அவளுடைய தையல் பெட்டியிலிருந்து நூல் எடுத்துப் பிடித்துப் பிடித்து அளக்க ஆரம்பித்தார். பனாமா கால்வாயில் பசிபிக் பக்கத்து வாசல், அட்லாண்டிக் பக்கத்து வாசலுக்குக் கிழக்கே இருக்கிறது என்று டெக்னீஷியன் சொன்னபோது, "மேற்கே இருக்கிற கடல் எப்படிம்மா கிழக்கே வரும்?" என்று எகிறிவிட்டு வந்தவர், நூலைப் பிடித்துப் பார்த்தார், நம்பாமல் இன்னொரு தடவையும் பிடித்துப் பார்த்தார். நிலம் அந்த இடத்தில் அப்படி வளைந்து கிடக்கிறது!

ஒரு தடவை அவர் பக்கம்தான் நியாயம் என்று சண்டைக்கே போனார். கிரீன்லாந்தைப் போலப் பதினாலு மடங்கு பெரிசு ஆப்பிரிக்கா என்று அவள் சொன்னாள். "நூல் பிடிச்சு அளந்துட்டு வந்திருக்கேன்மா. ரெண்டும் கிட்டத்தட்ட சமம்!"

பக்கத்துக் கட்டிலிலிருந்து டெய்லரம்மா தலையைத் திருப்பினாள். "ஏங்க, பந்துக்கு உறை தைச்சிருக்கீங்களா? தைச்ச உறையைப் பிரிச்சுத் தரையில விரிச்சா அப்படியே படுக்குமா? மேலயும் கீழயும் இழுத்துப் பிடிச்சாத்தான் படுக்கும். உங்க மேப்பும் அப்படித்தான். மேல இருக்கிறதையெல்லாம் இழுத்துக் காட்டியிருக்கான்."

வார்டே சிரித்தது. டிரைவரும் சிரித்தார். வாஸ்தவம்தான். அன்றைக்கு நாலு மணி நேரம் போனதே தெரியவில்லை.

ஆனால் ஊசி ஆரம்பித்து எட்டாவது மாசம் என்று ஒன்று வந்ததே. கேள்வி புதிதாக வந்தது, உடம்பு பழசாகிக்கொண்டே போனது. ஒரு நாள் ஊசி, மறுநாள் அசதி, அதற்கடுத்த நாள் மறுபடி ஊசி. தாகத்துக்கு அளந்த தண்ணீர். மனைவி அவருக்காகத் தன் வேலையை அரை நாளாக்கிக்கொண்டாள். அவள் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை, அதுதான் அவரை அரித்தது. எதற்கு இந்தப் பிழைப்பு என்று படுக்கையில் கிடந்து யோசிக்க ஆரம்பித்தார். நிறுத்திவிட்டால் என்ன ஆகும் என்று டாக்டர் முதல் நாளே ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருந்தார். பத்து நாளோ, பதினைந்து நாளோ.

அந்த வாரம் வியாழக்கிழமைக் கேள்வி இது. "அண்ணே, அலாஸ்காவுல புறப்பட்டா அர்ஜென்டினா தென்கோடி வரைக்கும் ஒரே ரோடு. முப்பதாயிரம் கிலோமீட்டர். நடுவுல எங்கயும் அறுபடாம ஓட்டிக்கிட்டே போகலாம். நிஜமா, புருடாவா?"

பனியில் ஆரம்பித்து பனியில் முடிகிற ரோடு. அவர் கண்ணை மூடிக்கொண்டு நாலு மணி நேரமும் அதில் ஓட்டினார்.

சனிக்கிழமை, ஊசியை எடுத்துவிட்டு அவள் பஞ்சை அழுத்திப் பிடித்திருந்தபோது மெதுவாகச் சொன்னார். "இன்னையோட முடிச்சுக்கறேன்மா. செவ்வாய்க்கிழமை வரல."

அவள் விரல் பஞ்சின் மேலேயே நின்றது. "டாக்டர்கிட்ட பேசினீங்களா? வீட்டுல அக்காகிட்ட?"

"எல்லார்கிட்டயும் பேசிக்கிட்டேதானே இருக்கேன். போதும்மா. காலையில கேக்க விட்டுட்டேன், அந்த ரோட்டுக்குப் பதிலைச் சொல்லு. அதையாவது தெரிஞ்சுக்கிட்டுப் போறேன்."

அவள் மெஷினைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், கடைசியில் அவரைப் பார்த்தாள். "நிஜம்ணே. ஒரு முழம்கூட விட்டுப்போகல."

டிரைவருக்கு மனசு நிறைந்துவிட்டது. அப்படி ஒரு ரோடு இருக்கிறது, அது போதும்.

ஞாயிற்றுக்கிழமை மனைவியிடம் விஷயத்தை உடைத்தார். அவள் அழவில்லை, கத்தவில்லை. கழுவி வைத்த பாத்திரத்தையெல்லாம் எடுத்து மறுபடி கழுவினாள். திங்கட்கிழமை டாக்டர் இரண்டு தடவை போன் பண்ணினார். "தூங்கறேன்னு சொல்லிடு" என்றார் டிரைவர். அவள் அப்படியே சொன்னாள், சொல்லும்போது குரல் உடைந்துபோனது. அந்த உடைந்த குரலைக் கேட்கப் பிடிக்காமல்தான் அவர் எழுந்து மேப்புக்கு முன்னால் போய் நின்றார். கால் வீங்கியிருந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நூலை அலாஸ்காவில் வைத்துச் சிவப்புக் கோட்டின் மேல் இறக்கிக்கொண்டே வந்தார். கனடா, அமெரிக்கா, மெக்சிகோ. குட்டிக் குட்டி நாடுகள். பனாமா.

பனாமாவில் கோடு நின்றுவிட்டது!

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். கொலம்பியாவில் கோடு மறுபடி ஆரம்பிக்கிறது. நடுவில் வெறும் பச்சை. அச்சுப் பிழையாக இருக்குமோ? பழைய கூட்டாளி ஒருவன் இப்போது துறைமுகத்தில் கார் ஏற்றுகிற வேலையில் இருக்கிறான், அவனுக்குப் போன் போட்டார்.

"அங்க ரோடே கிடையாதுப்பா" என்றான் அவன். "நூறு கிலோமீட்டருக்கு வெறும் காடும் சதுப்பும். வண்டியைக் கப்பல்ல ஏத்தி அந்தப் பக்கம் இறக்குவாங்க. ஏன், போகப் போறியா?"

டிரைவர் போனை வைத்தார். வந்ததே கோபம்! சாகப் போகிறவனிடம், அதுவும் ஒரு டிரைவரிடம், ரோடு விஷயத்தில் பொய்யா? ஒரு முழம்கூட விட்டுப்போகவில்லையாம்! நூறு கிலோமீட்டரை முழுங்கிவிட்டாளே! அன்றைக்கு முழுக்கப் புகைந்துகொண்டே இருந்தார். செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்குத் தானே சட்டையை மாட்டிக்கொண்டு வந்து கூடத்தில் நின்றார்.

"வண்டிக்குச் சொல்லு. அவளை ஒரு கை பாத்துட்டுத்தான் மறுவேலை."

மனைவி செருப்புகூடப் போடாமல் தெருவுக்கு ஓடினாள்.

"ஏம்மா! ரோடு எங்கம்மா ரோடு?" வாசலிலிருந்தே ஆரம்பித்துவிட்டார்.

"முதல்ல மெஷின்ல ஏறுங்கண்ணே, எடை பாத்துட்டுத் திட்டுங்க." ஏறினார். மூன்றரை கிலோ கூடியிருந்தது. "கட்டில்ல உக்காந்து திட்டுங்க." உட்கார்ந்தார். "கையை நீட்டித் திட்டுங்க." நீட்டினார். பனாமாவைப் பற்றியும் கொலம்பியாவைப் பற்றியும் அவர் வார்டே அதிரக் கத்திக்கொண்டிருந்தபோது ஊசி இரண்டும் ஏறின. மெஷின் சுற்ற ஆரம்பித்தது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"ரோடு இல்லைனு உனக்கு முதல்லயே தெரியுமா?"

"தெரியும்ணே. கேள்வி கேட்ட அன்னைக்கே தெரியும்."

"அப்புறம் ஏம்மா பொய் சொன்ன?"

அவள் டியூப்பைச் சரிபார்த்துக்கொண்டே சொன்னாள். "சரியான பதிலைச் சொல்லியிருந்தா நீங்க நிம்மதியாப் போயிருப்பீங்க. அன்னைக்கே அக்காவுக்கும் டாக்டருக்கும் போன் பண்ணிட்டேன். ஆனா நீங்க அவங்க பேச்சைக் கேக்கற ஆளா? மேப்புல நூல் பிடிப்பீங்கனு தெரியும். சண்டை போடவாவது வருவீங்கனு நினைச்சேன்." அவள் குரல் இறங்கியது. "ரெண்டு நாளா பயந்துக்கிட்டேதான் இருந்தேண்ணே. நூலை எடுக்காமலே விட்டுட்டீங்கன்னா என்ன பண்றதுன்னு."

டிரைவர் கையிலிருந்து போகிற டியூப்பைப் பார்த்தார். யாரோ பெற்ற பெண். இவர் ரத்தத்துக்கும் அவளுக்கும் இந்த டியூப்பைத் தவிர என்ன சம்பந்தம்? கட்டில் கட்டிலாக வேலை இருக்கிறது, இவர் போனால் இந்தக் கட்டிலுக்கு இன்னொரு ஆள் வரப்போகிறான். அதற்காக இரண்டு நாள் பயந்துகொண்டா இருப்பாள்? வாசல் பெஞ்சில் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்த மனைவியைப் பார்த்தார். அந்தப் பாதத்தில் தெருப்புழுதி அப்படியே இருந்தது.

"நன்றிம்மா" என்றார். இன்னும் ஏதேதோ சொல்ல வந்தது. "ரொம்ப நன்றி. நான் ஒரு மடையன்."

"அது எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்தான்" என்றாள் டெய்லரம்மா. அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

டெக்னீஷியன் சிரித்துக்கொண்டே எதிர்க்கட்டிலுக்கு நகர்ந்தாள். இன்றைக்கு அவள் கேள்வி எதையும் கேட்கவில்லை, இவர் கத்தின கத்தலில் மறந்துவிட்டாள். டிரைவர் அதைக் கவனித்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"ஏம்மா, ஒரு சந்தேகம்."

"சொல்லுங்கண்ணே."

"அந்த நூறு கிலோமீட்டரை வண்டிக்காரங்க எப்படித்தான் தாண்டறாங்க? வழி தெரியல. சொல்லேன்."

பெஞ்சிலிருந்த மனைவி நிமிர்ந்தாள். கூட்டாளியோடு அவர் பேசினதெல்லாம் அவள் காதில் விழுந்ததுதான். "ஏங்க, நேத்தே போன்ல..." என்று ஆரம்பித்தாள். டிரைவர் தலையை லேசாக ஆட்டினார். வேண்டாம் என்று கண்ணால் சொன்னார்.

டெக்னீஷியன் இடுப்பில் கை வைத்து நின்று அவரை ஒரு பார்வை பார்த்தாள். "வியாழக்கிழமை சொல்றேண்ணே."

"சரிம்மா. காத்திருக்கேன்" என்றார் டிரைவர்.

மனைவி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து கட்டிலருகே வந்தாள். "வியாழக்கிழமை வண்டியை ஆறரைக்கே வரச் சொல்லிடட்டுமா?" என்று கேட்டாள்.