இரவலுக்குப் போகாத ரெயிலர்

என் கணவர் பேரின்பநாதனுக்கு இல்லை என்று சொல்லத் தெரியாது. யாராவது எதையாவது இரவல் கேட்டால், கேட்டு முடிக்கும் முன்பே எடுத்துக் கொடுத்து, வாசல்வரை தூக்கிக்கொண்டும் போவார். எங்கள் பெரிய சோற்றுப் பானை பக்கத்து ஊரான கர்க்லாண்டில் யாரோ வீட்டில் இருக்கிறது. புல்வெட்டும் மெஷின் எங்கே போயிற்று என்று அவருக்கே மறந்துவிட்டது. போன ஜூலையில் கஸ்பே கடற்கரைக்குப் புறப்பட இருந்தோம். அந்தக் கிழமை, இவரின் சிநேகிதர் சிவராசாவின் மகள் பெரியபிள்ளையான சாமத்தியச் சடங்குக்கு மேடை கட்ட இவரையே இரவல் கேட்டார்கள். போய்விட்டார். கடலைப் பார்க்காமலே என் விடுமுறை முடிந்தது.

இந்த வருஷம் அவராகவே ஒரு பழைய ரெயிலர் வாங்கினார். எங்கள் வான் வண்டிக்குப் பின்னால் கொழுவி இழுக்கலாம்; உள்ளே கட்டில், அடுப்பு எல்லாம் உண்டு. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் அது வாசலுக்கு வந்த அன்றே இரண்டு பேர் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். இதுவும் இரவலுக்குப் போய்விடும் என்று எனக்குப் பட்டது.

இன்சூரன்ஸ் எழுத முகவர் அருமைராசா அண்ணை எங்கள் வீட்டுக்கு வந்தார். இரண்டு விதம் இருக்கிறது என்றார்.

“இதுதான் திறம், தங்கச்சி. ஆர் கொண்டுபோய் இடிச்சாலும் காசு வரும். மற்றது, நீங்கள் ரெண்டு பேரும் பாவிச்சால் மட்டும்தான். வேற ஆரும் கொண்டுபோனால் ஒண்டும் வராது.”

“முதல் சொன்னதையே எழுதுங்கோ அண்ணை. நாலு பேருக்கு உதவும்,” என்றார் எங்கள் வீட்டு வள்ளல்.

“மற்றதை எழுதுங்கோ,” என்றேன் நான்.

அருமைராசா அண்ணை திகைத்துப்போனார். “குறைஞ்சதை ஒருத்தரும் கேக்கிறேல்லையே!”

“எனக்கு அதுதான் வேணும். இவருக்கு இல்லையெண்டு வாயில வராது. கடுதாசியிலயாவது இருக்கட்டும்.”

கணவர் என்னைப் பார்த்தார். பிறகு, “அப்ப அதையே எழுதுங்கோ,” என்றார். எனக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாதவர் என்பது அன்றைக்கு வசதியாகப் போயிற்று.

கையெழுத்து வைத்தோம். தேத்தண்ணி குடித்து முடித்த அருமைராசா அண்ணை மெல்லச் செருமினார்.

“பேரின்பம், ஜூலைக் கடைசியில பிள்ளையளோட ஒரு இடம் போகலாமெண்டு யோசிக்கிறன். உம்மட ரெயிலரை ஒரு கிழமைக்குத் தந்தீரெண்டால்... இன்சூரன்ஸ் இல்லாட்டியென்ன, நான் கவனமாத்தான் ஓடுவன்.”

பெரிய இன்சூரன்ஸை அவர் ஏன் அப்படிப் புகழ்ந்தார் என்று அப்போதுதான் விளங்கியது. கணவருக்கு முகமெல்லாம் வியர்த்தது. 

“இன்சூரன்ஸ் விடாது, அண்ணை,” என்றார் அவர்.

ஓடிப்போய் அவரைக் கட்டிப்பிடிக்கலாம்போல இருந்தது. அதற்குள் அவர் அண்ணையின் வாடிய முகத்தைப் பார்த்துவிட்டார்.

“ரெயிலர்தான் ஏலாது. வானை வேணுமெண்டால் கொண்டுபோங்கோவன்.”

எழும்பப்போன அருமைராசா அண்ணையை நான் மறித்தேன்.

“இருங்கோ அண்ணை. வானுக்கும் இதே இன்சூரன்ஸை எழுதிப்போட்டுப் போங்கோ.”