பச்சை ஸ்டிக்கர்

பனியனுக்குப் போட்ட கணக்கையே காருக்கும் போட்டால் என்ன ஆகும் என்று அந்த முதலாளியிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவர் காதில் ஏறியிருக்காது. எக்ஸ்போர்ட்டில் காசு பார்த்த மனுசர். தொண்ணூற்று ஐந்து வாக்கில் திருப்பூர் பல்லடம் ரோட்டில் புதுக் கார் விற்கிற ஷோரூம் திறந்தார். பின்பக்கம் சர்வீஸ் ஷெட்டு. தையல்காரர்களுக்குக் கொடுப்பது போலவே மெக்கானிக்குகளுக்கும் பீஸ் ரேட். எத்தனை வண்டி தள்ளுகிறாயோ அத்தனைக்குத்தான் கூலி.

அதோடு விட்டாரா? செக்கிங் முடிந்த பனியனில் ஸ்டிக்கர் ஒட்டுவது போல, வேலை முடிந்த வண்டியின் கண்ணாடியில் 'ஓகே' என்று ஒரு பச்சை ஸ்டிக்கர் ஒட்டச் சொன்னார். ஏற்பாடு என்னவோ நல்லதுதான். ஆனால் சூப்பர்வைசர் நஞ்சப்பன் ஒவ்வொரு வண்டிக்கும் குனிந்து நிமிர்கிற ஆளா? வண்டி கேட்டுக்குள் வரும்போதே ஒட்டிவிடுவார். "எப்படியும் ஒட்டப் போறதுதானுங்களே" என்பார். ஓட்டை விழுந்த பனியன் வெளியே போனால் பாதி விலைக்குத் தள்ளிவிடலாம். காருக்கு அந்தச் சலுகை கிடையாது.

அன்றைக்கு மத்தியானம் மெக்கானிக் தங்கவேலு ஒரு சிவப்புக் காருக்குப் பின் சக்கரம் மாட்டிக்கொண்டிருந்தான். நட்டுகளை முதலில் கையால் திருக வேண்டும். ஜாக்கியை இறக்கிய பிறகுதான் ஸ்பேனர் போட்டு இறுக்க வேண்டும். கையால் திருகினான், ஜாக்கியை இறக்கினான். ஸ்பேனரை எடுப்பதற்குள் நஞ்சப்பன் கூப்பிட்டார்.

"தங்கவேலு, அதெ உடு. பனியன் கம்பெனி வேன் வந்திருக்குது பாரு. சாயந்திரம் லேடீஸை ஏத்தோணுமாமா. பிரேக்கெ மொதல்லப் பாரு."

அவனுக்கு அந்த வேனைத் தெரியும். அவன் பெண்டாட்டி மயிலாள் தினமும் வேலை விட்டு அதில்தான் ஊருக்கு வருவாள். அதனாலேயே ஓடிப்போய் அடியில் படுத்தான். பிரேக் குழாயைக் கழற்றி, சாமான் மாற்றி, குழாயைத் திரும்ப விரலால் மாட்டினான். இனி அதை இறுக்கி, குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்றி ஏர் எடுக்க வேண்டும். அப்போது தற்செயலாகத் தலையைத் திருப்பினான். சிவப்புக் கார் நின்ற இடம் காலியாக இருந்தது.

எழுந்து நஞ்சப்பனிடம் ஓடினான். "ஏனுங்க, அந்தச் சேப்புக் கார் எங்கீங்க?"

"டெலிவரி ஆயிருச்சு. பொண்டு புள்ளைகளோட உடுமலைக்கு அந்தாண்டெ கொமரலிங்கம் போறாராமா."

"நட்டெல்லாம் கையிலதானுங்க திருகி வெச்சிருக்கறேன். ஸ்பேனரே போடலீங்க."

நஞ்சப்பன் முகம் ஒரு கணம் வெளுத்தது. பிறகு அவரே அதைத் துடைத்துப் போட்டுவிட்டார். "ஸ்டிக்கர் இருந்துச்சு, டிரைவர் எடுத்துக் குடுத்துட்டான். ஒண்ணும் ஆவாது, சும்மா பயந்து சாவாதே. போய் வேனெ முடி."

சக்கரம் கழன்று உருளுவது தங்கவேலுவின் கண்ணிலேயே நின்றது. சொல்லிக்கொண்டு போனால் இந்த மனுசர் விடமாட்டார். ஸ்பேனரை எடுத்து இடுப்பில் செருகினான், பின் கேட் வழியாக மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெளியேறினான். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பல்லடம் வரைக்கும் ரோட்டோரக் கூட்டம் ஒவ்வொன்றும் அவனுக்கு எமனாகத் தெரிந்தது. ஒரு டீக்கடைக் கும்பலைப் பார்த்துக் கண்ணை மூடியே விட்டான். லாரி ஹாரன் அடித்துத்தான் திறந்தான். உடுமலை ரோட்டில் ஒரு வேப்பமரத்தடியில் சிவப்புக் கார் சாய்ந்தாற்போல் நின்றது. கார்க்காரர் பழனிமுத்து சக்கரத்தருகே குத்தவைத்திருந்தார். பிள்ளைகள் நிழலில் முறுக்குத் தின்றுகொண்டிருந்தன. அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

"கடகடன்னு சத்தமுங்க. நிறுத்திப் பாத்தா ரெண்டு நட்டக் காணோம்" என்றார் பழனிமுத்து.

தங்கவேலு முன் சக்கரங்கள் இரண்டிலிருந்தும் ஒவ்வொரு நட்டை எடுத்துப் போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினான். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"ஓகேன்னு பச்சையா ஒட்டியிருந்துச்சுங்களே தம்பி. அதெ நம்பித்தானுங்க கொழந்தைகளெ ஏத்துனேன்."

ஸ்பேனர் கையிலிருந்து நழுவியது. பாதியில் விட்டுவந்த வேன் கண்ணாடியிலும் ஒன்று ஒட்டியிருந்தது.

வேலை விடும் நேரம் நெருங்கிவிட்டது. திரும்பும் வழியில் பல்லடத்தில் ஒரு டெலிபோன் பூத்துக்குள் புகுந்து ஷோரூம் நம்பரைச் சுழற்றினான். எங்கேஜ் சத்தம்; அங்கே யாரோ பேசிக்கொண்டே இருந்தார்கள். மறுபடி சுழற்றினான், அதே சத்தம்தான். ரிசீவரைத் தொங்கவிட்டுவிட்டு வண்டியை முறுக்கினான். வேனை எடுத்திருக்க மாட்டார்கள், பெடல் கீழே இறங்குமே, வேன் டிரைவர் வேலுமணிக்குத் தெரியாதா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். உடனேயே நஞ்சப்பன் என்ன சொல்வார் என்பதும் காதில் கேட்டது. புதுச் சாமான், ஓட ஓடச் செரியாப் போயிரும்.

வீரபாண்டிப் பிரிவுக்கு முன்னால் ஒரு ஏற்றம். அவன் அடியிலிருந்து ஏறும்போது மேட்டின் மேலிருந்து அந்த வேன் எதிரே இறங்கி வந்தது. உள்ளே நெருக்கியடித்துக்கொண்டு பெண்கள். ஏதோ சிரித்துப் பேசிக்கொண்டு வந்தார்கள்.

மோட்டார் சைக்கிளை ஓரத்தில் போட்டுவிட்டு நடு ரோட்டில் நின்று இரண்டு கைகளையும் தூக்கினான். தூக்கிய பிறகுதான் உறைத்தது. நிறுத்தச் சொன்னால் வேலுமணி பிரேக்கைத்தான் மிதிப்பான். இதுவரை லேசாக மிதித்தே வந்திருப்பான்; பலமாக ஒரு அழுத்து அழுத்தினால் விரலால் மாட்டிய குழாய் பிடுங்கிக்கொள்ளும்.

கைகளைக் கீழே போட்டு, போ போ என்று சைகை செய்தான். கியரைக் குறை என்று கத்தினான். எதிர்க்காற்றில் ஒன்றும் போய்ச் சேரவில்லை. வேலுமணி அவனை அடையாளம் கண்டு, நிறுத்தத்தான் சொல்கிறான் என்று நினைத்து, மிதித்தான். பிறகு திரும்பத் திரும்ப மிதித்தான்.

தங்கவேலு ஓரமாகத் துள்ளி விழுந்தான். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மயிலாள் அவனைப் பார்த்துச் சிரித்தாள். "ஏனுங்க, இங்கென்ன பண்றீங்க" என்று கேட்டபடியே கடந்து போனாள். வேன் நிற்கவில்லை. அது போன வழியில் தார் ரோட்டில் பிரேக் ஆயில் கோடாக ஒழுகியிருந்தது. அந்தக் கோட்டின் மேலேயே அவன் இறக்கத்தில் ஓடினான்.