மூன்றாவது பிளக்

மெக்கானிக் கேட்டது ஒரே ஒரு கேள்வி. அதையும் அவளிடம் கேட்கவில்லை.

"எப்ப சார் வெடிக்குது?"

சார் என்பது அவள் கணவன். அந்தப் பழைய பிக்கப்பின் ஸ்டியரிங்கைக் கடைசியாக எந்த வருஷம் தொட்டான் என்று அவனுக்கே ஞாபகம் இருக்காது. "எப்பப் பாத்தாலும் வெடிக்குதுங்க," என்றான்.

மெக்கானிக் குனிந்து வண்டிக்கு அடியில் டார்ச் அடித்தார். என்ஜினின் பின்பக்கம் எண்ணெயில் குளித்திருந்தது. "பின்னாடி ஆயில் சீல் போச்சு. உள்ளயும் தேஞ்சிருக்கும், அதான் வெடிக்குது. என்ஜினை இறக்கிப் பிரிக்கிறது உங்களுக்குக் கட்டுப்படி ஆகாது சார். தள்ளிவிட்டுடுங்க."

அவள் வாயைத் திறந்தாள். கணவன் ஒரு பார்வை பார்த்தான். மூடிக்கொண்டாள்.

அப்படி மூடிக்கொண்டதுதான் மறுநாள் காலை வரை அவளை உறுத்திக்கொண்டிருந்தது. ஆறு வருஷமாக ஓட்டுகிறவள் ஏன் பேசவில்லை? பயமா? இல்லை, பழக்கம். பயமென்றால் நெஞ்சாவது அடித்துக்கொள்ளும். பழக்கத்துக்கு அதுகூடக் கிடையாது.

அவள் சோபா தைப்பவள். வீடு வீடாகப் போய்ப் பழைய சோபாக்களை ஏற்றி வந்து, பின்கட்டு ஷெட்டில் பிரித்து, புதுத்துணி போட்டுக் கொண்டுபோய் இறக்குவாள். தெருவில் பிக்கப்புக்கு 'டுமீல்' என்று பேர். அது இல்லாவிட்டால் ஷெட்டும் இல்லை. கணவன் அதற்கும் வழி சொல்லியிருந்தான். "தம்பி கடையில உக்காந்து தையேன். ஃபேன் இருக்கு, தூக்கிப் போட ஆள் இருக்கு." கொழுந்தன் கடையில் தைத்தால் அது கொழுந்தனின் சோபா. எந்தத் துணி, எந்த வீடு, எத்தனை மணிக்கு என்பதெல்லாம் அவன் வாயில் வரும். பழைய வண்டி வாங்குகிறவர் அன்று நாலு மணிக்கு வருவதாக இருந்தது.

பத்து மணிக்கு அவள் பானெட்டைத் திறந்தாள். மண்ணெண்ணெயும் பிரஷும் வைத்து என்ஜினைத் தேய்த்துக் கழுவித் துடைத்துக் காயவிட்டாள். பிறகு துணியில் கோடு போடும் சாக்கட்டிகளை நொறுக்கிப் பொடியாக்கி, ஒரு பனியன் துணியில் முடிந்து, மேலிருந்து கீழ்வரை தட்டினாள்.

லீவுக்கு வந்திருந்த நாத்தனார் டீ டம்ளரோடு வந்து நின்றாள். "என்ன அண்ணி, பவுடரெல்லாம் பலமா இருக்கு? போட்டோ எடுக்கப் போறோமா?"

"ஆமா. நீ ஏறி உக்காரு. சொல்றப்ப ஆக்சிலேட்டரை மிதி."

"எனக்கு வண்டி ஓட்டத் தெரியாதே!"

"மிதிக்கத் தெரியும்ல? உங்க வீட்டுல எல்லாருக்கும் நல்லா வருமே அது."

நாத்தனார் சிரித்து டீயைச் சிந்தினாள். "இதை அண்ணன்கிட்ட சொல்லட்டுமா?"

"நாலு மணிக்கு மேல சொல்லு."

என்ஜின் ஓடியது. அவள் கண்ணெடுக்காமல் நின்றாள். சோபாவின் முன்மூலையில் துணி சுருங்கினால் முன்மூலையைப் பிரிப்பவர்கள் உண்டு. அவளும் பிரித்திருக்கிறாள், எத்தனையோ தரம். கடைசியில் பார்த்தால் தப்பு பின்பக்கத் தையலில் இருக்கும். சொட்டுகிற இடத்தைத்தானே மெக்கானிக் பார்த்தார்? எண்ணெய் கிளம்பிய இடத்தை யார் பார்த்தது?

இருபது நிமிஷம் கழிந்தது. கீழே, சீல் இருக்கும் இடத்தில் பொடி வெள்ளை வெளேரென்று இருந்தது. மேலே, என்ஜினுக்கு மூடி போல் உட்கார்ந்திருக்கும் டேப்பெட் கவரின் பின்விளிம்பில் ஒரு பழுப்பு நூல் தெரிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெல்லக் கீழே இறங்கியது.

என்ஜினை அணைத்து ஆறவிட்டு, பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். முதலாவது காய்ந்திருந்தது. இரண்டாவதும். மூன்றாவது 'சளக்' என்று வந்தது, நுனியில் எண்ணெய் சொட்ட. குழி நிறைய எண்ணெய். அதே மூடியின் ரப்பர் பேக்கிங்தான் பிளக் குழிகளையும் சுற்றி இருக்கிறது. பிளக் எண்ணெயில் முங்கினால் நெருப்புப் பொறி விழாது. எரியாத பெட்ரோல் கொதிக்கும் சைலன்சருக்குள் போகும். அங்கே போய் வெடிக்கும்.

இரண்டு வியாதி இல்லை, ஒன்றுதான்.

கணவன் வந்து எட்டிப் பார்த்தான். "என்ன கூத்து இது? நாலு மணிக்கு ஆள் வருது."

"வரட்டும். வண்டி போகாது."

"எனக்கென்ன ஆசையா? நீ நடுரோட்டுல நின்னுடுவியேன்னுதான்..."

"நின்னா நான்தானே நிக்கப் போறேன்?"

அவன் தலையை ஆட்டிக்கொண்டே உள்ளே போனான். நாலு மணி ஆயிற்று. வண்டி வாங்க வந்தவர் அவனிடம்தான் கை நீட்டினார். "சாவி, சார்?"

சாவி அவள் இடுப்பில் இருந்தது. "விக்கலைங்க," என்றாள்.

"சார் வாக்குக் குடுத்தாரே?"

"அவர் வாக்கு அவரோடது. வண்டி என்னோடது."

 சொல்லிவிட்டு சாவியை இடுப்பில் இன்னும் ஆழமாகச் செருகிக்கொண்டாள்.

மறுநாள் காலை பட்டறையில் மெக்கானிக் பக்கத்து சீட்டைத்தான் முதலில் பார்த்தார். அதில் நாத்தனார் இருந்தாள். "சார் வரலையா?"

"ஓட்டுறது நான். என்னைக் கேளுங்க."

"என்னம்மா கேக்கணும்?"

"அன்னைக்கு அவரைக் கேட்டீங்களே, அதையே."

அவர் தலையைச் சொறிந்தார். "சரி. எப்பம்மா வெடிக்குது?"

"இறக்கத்துல. ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுக்கிறப்ப மட்டும்." சொல்லிவிட்டு பானெட்டைத் தூக்கினாள். வெள்ளைப் பொடியில் அந்தப் பழுப்பு நூலை அவள் துடைக்காமல் விட்டிருந்தாள். மூன்றாவது ஒயரைப் பிடுங்கிக் காட்டினாள். மெக்கானிக் குனிந்து ஒயர் நுனியை விரலால் தொட்டுப் பார்த்தார். ஸ்பேனரை எடுத்து மூடியைக் கழற்றினார். பேக்கிங் பழைய பிஸ்கட் மாதிரி நாலு துண்டாக உடைந்து வந்தது.

"ரப்பர் கல்லாப் போச்சு," என்றார். பிறகு கொஞ்சம் மெதுவாக, "சீல் நல்லாத்தான் இருக்கும்மா."

"சத்தமா சொல்லுங்கண்ணே," என்றாள் நாத்தனார். "எங்கண்ணனுக்குக் கேக்கணும்."

மூடிக்குப் புது பேக்கிங் போட்டுத் திரும்பும்போது தெருமுனை இறக்கம் வந்தது. எப்போதும் அங்கேதான் டுமீல். சத்தம் கேட்டால் வாசலுக்கு வருபவர்கள் அன்றும் எட்டிப் பார்த்தார்கள். அவள் காலை எடுத்தாள். ஒன்றும் இல்லை. வண்டி பூனை மாதிரி இறங்கியது.

இத்தனை அமைதியாகத் தன் தெருவுக்குள் நுழைவது அவளுக்கு என்னவோ போல் இருந்தது. உள்ளங்கையால் ஹாரனை அழுத்தினாள். வீட்டு வாசல் வரை கையை எடுக்கவில்லை.