அண்ணனைக் கிழித்த மத்தியானம்

எங்கள் தமிழ்த் துறையில் கருத்தரங்கக் கட்டுரைக்குப் பத்து மதிப்பெண். ‘நீதிநூல்களும் வேதமும் கற்பிக்கும் வாய்மை’ என்ற தலைப்பைப் பேராசிரியை சுஜா எனக்கென்றே எடுத்து வைத்திருந்தார். “ரெண்டு பக்கமும் தெரிஞ்சவ நீ ஒருத்திதான் மகிமா” என்றார்.

தெரியும்தான். அம்மா ராமசெல்வி சாமி கும்பிடும் வீட்டில் பிறந்தவள். அப்பா தவசிமுத்து சர்ச் கமிட்டியில் இருப்பவர். ராயபுரத்தில் எங்கள் மளிகைக் கடைக்கு மேலேயே வீடு. நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே நீதிச் செய்யுள் சொல்லிக் கொடுப்பாள். அப்பா கடையைச் சாத்திவிட்டு மேலே வந்து வேதாகம வசனம் கேட்பார். நானும் அண்ணன் ஜெனிஷும் இரண்டையும் மூச்சு விடாமல் ஒப்பிப்போம். போட்டிகளில் பரிசாக வாங்கிய எவர்சில்வர் டம்ளர்கள் இன்னும் வீட்டில் இருக்கின்றன. தண்ணீர் குடிக்க உதவுகின்றன, வேறெதற்கும் உதவியதாக நினைவில்லை.

கட்டுரையின் முதல் பக்கத்தை சுலபமாக எழுதிவிட்டேன். வேதம் பொய் சொல்லாதே என்கிறது. அதோடு சரி, பேரமே கிடையாது. நம்முடைய பழைய நீதிநூல் கொஞ்சம் இளகிய மனசுக்காரரின் வேலை. யாருக்கும் எந்தக் கெடுதலும் இல்லாமல் நன்மை மட்டும் தருமென்றால் பொய்யையும் மெய்யின் பக்கத்தில் உட்கார வைக்கலாம் என்று ஒரு சலுகை தருகிறது. பள்ளிக்கூடத்தில் இதை எத்தனை தேர்வில் எழுதியிருப்பேன்! ஒவ்வொரு தடவையும் முழு மதிப்பெண்.

அம்மாவுக்கு நெஞ்சைப் பிளந்து ஆபரேஷன் செய்த மறுநாள் அண்ணன் செத்துப்போனான்.

துறைமுகத்தில் சரக்கு இறக்குமதிக்கான காகித வேலைகளைச் செய்துகொடுக்கும் ஒரு அலுவலகத்தில் அவனுக்கு வேலை. எர்ணாவூர் பக்கம் பைக்கில் போனவனைக் கன்டெய்னர் லாரி அடித்துவிட்டது. அம்மா அப்போது தீவிர சிகிச்சைப் பிரிவில், வாயில் குழாயோடு கிடந்தாள். டாக்டர் அப்பாவையும் என்னையும் தனியாகக் கூப்பிட்டார். “இப்பத் தெரிஞ்சா இந்த இதயம் தாங்காது. தையல் ஆறட்டும், வீட்டுக்குப் போகட்டும். அப்புறம் பக்குவமாச் சொல்லுங்க” என்றார். அம்மா இல்லாமலே அண்ணனை அடக்கம் செய்தோம்.

அன்று சாயங்காலம் அப்பா என்னிடம் சொன்னார்: “என்னால பொய் சொல்ல முடியாதும்மா. அவ மூஞ்சியப் பாத்தா உண்மையச் சொல்லிருவேன். நீ போ.”

அதன்பிறகு அவர் ஆஸ்பத்திரிக்குள் வரவே இல்லை. தினமும் கஞ்சி பிளாஸ்க்கோடு கேட் வரைக்கும் வருவார், என் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவார். எனக்கு அவர்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. அவருடைய ஆத்துமா சுத்தமாக இருக்க வேண்டும், அழுக்கு வேலைக்கு மட்டும் மகள். வாய்மையைக் கடைப்பிடிக்க இது ரொம்ப சவுகரியமான வழி. இதைக் கட்டுரையில் ஒரு துணைத் தலைப்பாகப் போடலாமா என்றுகூட யோசித்தேன்.

அம்மா கண் விழித்ததும் கேட்ட முதல் கேள்வி, “ஜெனிஷ் எங்கட்டி?”

“ஆபீஸ்ல தூத்துக்குடிக்கு அனுப்பிட்டாங்கம்மா. அங்க துறைமுகத்துல ஏதோ அவசர வேலையாம்.”

தூத்துக்குடியை ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. வாயில் வந்துவிட்டது. அம்மாவின் முகம் மலர்ந்தது. “அப்ப அக்கா வீட்டுக்குப் போயிருப்பான்லா” என்றாள். தூத்துக்குடியில் இருக்கும் பட்டம்மாள் பெரியம்மாவை நான் மறந்தே போயிருந்தேன்.

பெரியம்மாவுக்கு போன் செய்து கெஞ்சினேன். மறுநாள் அம்மாவின் காதில் போனை வைத்தேன். பெரியம்மா பாவம், நான் சொல்லிக் கொடுத்ததற்கு மேலேயே நடித்தாள். “நேத்து வந்தாண்டி. மாங்கா போட்டு மீன் கொழம்பு வச்சேன். ரெண்டாவதும் சோறு வாங்கித் தின்னான்” என்றாள். அம்மா விடவில்லை. என்ன மீன், மெலிஞ்சிருக்கானா, தலைக்கு எண்ணெய் வைக்கிறானா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். பெரியம்மா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். நான் போனை வாங்கிக்கொண்டு வராந்தாவுக்கு வந்தபோது அந்தப் பக்கம் பெரியம்மா வாய்விட்டு அழுதுகொண்டிருந்தாள். அன்றைக்கு அம்மா வழக்கத்தைவிட அதிகமாகக் கஞ்சி குடித்தாள்.

நன்மை விளைந்ததா? விளைந்தது, நானே கண்ணால் பார்த்தேன். அந்த இளகிய மனசுக்காரரின் கட்சி ஜெயித்துவிட்டது என்று நினைத்தேன். ஆனால் பொய்யை ஆரம்பிக்க அனுமதி கொடுத்தவர், அதை எப்படி முடிக்க வேண்டும் என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை.

அம்மாவை வீட்டுக்கு அனுப்பப் போவதாக டாக்டர் சொன்னார். பெரியம்மா ஞாயிற்றுக்கிழமை வருவதாக ஏற்பாடு. பாதிரியாரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அன்றைக்குச் சொல்வதென்று முடிவு செய்தோம். அதுவரைக்கும் சமாளித்தால் போதும். அப்போதுதான் எனக்குச் சுவர்கள் நினைவுக்கு வந்தன.

ராயபுரத்தில் ஒரு வாலிபன் செத்தால் அவன் ஒரு நாளில் போய்விடுவதில்லை. ரயில் நிலையச் சுவரில், பாலத்தடியில், டீக்கடைப் பலகையில், மின்சாரப் பெட்டியில் எல்லாம் அவன் முகம் இருக்கும். மேலே ‘கண்ணீர் அஞ்சலி’, கீழே நண்பர்களின் பெயர் வரிசை. அண்ணனுக்கு நண்பர்கள் ஜாஸ்தி. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வரும் வழி முழுக்க அவன்தான் சிரித்துக்கொண்டிருந்தான்.

அந்தப் போட்டோ பெரியம்மா மகன் கல்யாணத்தில் எடுத்தது. நீலச் சட்டையில் அண்ணன், பக்கத்தில் அம்மா, அவன் தோளில் அவள் கை. உயிரோடு இருப்பவர்களை அஞ்சலி போஸ்டரில் போடக்கூடாது என்று நண்பர்கள் அம்மாவை வெட்டிவிட்டார்கள். கையை மட்டும் வெட்ட முடியவில்லை. வெட்டினால் அண்ணனின் தோளும் போய்விடும். அதனால் எல்லாச் சுவரிலும் அண்ணனின் தோள்மேல், நெளி மோதிரம் போட்ட ஒரு கை மட்டும் இருந்தது.

அண்ணனின் நெருங்கிய கூட்டாளி தவ்ஃபீக். ஆட்டோ ஓட்டுகிறவன். அவனிடம் விஷயத்தைச் சொன்னேன்.

“நானே பசை காய்ச்சி ஒட்னேன், நானே கிழிக்கணுமா? நல்லா கீது மகி, எங்க தோஸ்தி.” பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “பக்கெட்டு எட்த்துகினு வா. மத்தியானம் போலாம், தெருவுல ஆள் இருக்காது” என்றான்.

நடந்தே போனோம். அவன் கையில் தண்ணீர் வாளி, என் கையில் தோசைக் கரண்டி. தண்ணீரை அடித்து ஊறவைத்துச் சுரண்ட வேண்டும். முதல் போஸ்டரில் முகம் கிழியக் கூடாது என்று ஓரத்திலிருந்து மெதுவாக உரித்தேன். முழுசாக வரவில்லை. நெற்றி என் கையிலும் வாய் சுவரிலுமாக நின்றது. இரண்டாவதிலும் அப்படித்தான். அப்புறம் வெயிலும் கைவலியும் சேர்ந்து, எங்கே கரண்டி பட்டதோ அங்கே கிழித்தேன். சொந்த அண்ணனைச் சுரண்டி எடுக்கிறோம் என்பதே ஒரு கட்டத்தில் மரத்துப்போயிற்று. அது மரத்துப்போனதை நினைத்துத்தான் அப்புறம் அழுதேன்.

மீன் விற்றுவிட்டுக் காலிக் கூடையோடு வந்த ஒரு அம்மாள் நின்று பார்த்தார். “அடிப்பாவி, செத்த புள்ள மூஞ்சியப் போய் சொரண்டுறியே! நீ இன்னா ஜென்மம்?” என்றார்.

“அவன் தங்கச்சிதாம்மா இது. அவுங்க அம்மாக்கு இன்னும் தெரியாது” என்றான் தவ்ஃபீக்.

அவர் கூடையை இறக்கி வைத்தார். எனக்கு எட்டாத உயரத்தில் இருந்த ஒன்றைத் தன் நகத்தாலேயே உரித்துக் கொடுத்தார். கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

தெருமுனையில் கட்டியிருந்த பெரிய பேனரை மட்டும் கிழிக்க மனசு வரவில்லை. சுருட்டிக் கொண்டுவந்து கடைக்குப் பின்னால் அரிசி மூட்டைகளுக்கு நடுவில் வைத்தேன். சாயங்காலம் துவரம்பருப்பு எடுக்கப் போனபோது அப்பா அங்கே தரையில் உட்கார்ந்திருந்தார். பேனரை விரித்து, அண்ணனின் முகத்தில் படிந்திருந்த தூசியைத் தன் வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. நான் பருப்பு எடுக்காமலே திரும்பினேன். அதுவரை அவர்மேல் வைத்திருந்த கோபத்தைப் பிறகு எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை.

மறுநாள் அம்மாவை அழைத்து வரத் தவ்ஃபீக் ஆட்டோவோடு வந்தான். ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோ எங்களுக்கு முகம் காட்டி நின்றது. சக்கர நாற்காலியிலிருந்து அம்மாவை எழுப்பி, நெஞ்சைத் தலையணையோடு அணைத்துப் பிடிக்கச் சொல்லி, ஏற்றி உட்கார வைத்தேன்.

வழி முழுக்க அம்மா வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

“செவுரெல்லாம் என்னத்துக்கு இப்படிச் சொரண்டி வச்சிருக்கு?”

“கிளீன் பண்றாங்கமா” என்றான் தவ்ஃபீக், திரும்பாமலே.

“நல்லதுதான். கண்ட போஸ்டரையும் ஒட்டி நாறடிக்கானுவ.” கொஞ்ச தூரம் போனதும், “தவ்ஃபீக்கு, உன் கூட்டாளி இல்லாம உனக்குப் பொழுது போவுதாலே?” என்று கேட்டாள்.

“போவலமா” என்றான். அந்த ஒரு வார்த்தையில் அவன் பொய் சொல்லவில்லை.

தெருவே சேர்ந்து எங்கள் பொய்யைக் காத்தது. இஸ்திரிக் கடைக்காரர் சிரித்தார். எதிர்வீட்டு காத்தூன் பீவி மாமி, “வாங்க செல்வி, எளச்சுட்டீங்களே” என்று ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். ஒரு முகத்திலும் ஒன்றும் தெரியவில்லை. கடை வாசலில் அப்பா நின்றிருந்தார். பழுப்பேறிய அவருடைய வெள்ளைச் சட்டையை அன்றைக்கு இஸ்திரி போட்டிருந்தார்.

அம்மா இறங்கி, என் தோளைப் பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

“ஏன் ஒரு நாள்கூட உள்ள வரல? வாசலோட போயிருதீயளாம். இவ சொன்னா.”

அப்பாவின் வாய் திறந்தது. நான் அவசரமாக, “கடையில ஆள் இல்லம்மா” என்றேன். என்னால் எதையும் சொல்ல முடியும் என்று அதற்குள் எனக்குப் பழகிவிட்டது.

“நான் வர்றேம்மா, மருந்து ஏதாச்சும் வேணும்னா கூப்புடுங்க” என்று தவ்ஃபீக் வண்டியை எடுத்தான். அம்மா அவனுக்குக் கையசைக்கத் திரும்பினாள்.

ஆட்டோவின் பின்பக்கம் முழுக்க அண்ணன் இருந்தான்.

அடக்கம் முடிந்த அன்றே தவ்ஃபீக் ஒட்டியது, காகிதமில்லை, மழைக்கும் போகாத ஸ்டிக்கர். சுவர் சுவராகத் தேடிக் கிழித்த எங்கள் இரண்டு பேருக்கும் அது நினைவிலேயே இல்லை. அவன் தினமும் அதற்கு முன்னால்தான் உட்கார்ந்திருந்தான். நீலச் சட்டை, சிரிப்பு, மேலே பெரிய எழுத்தில் அந்த இரண்டு வார்த்தை. ஆட்டோ மெதுவாகத் தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பியது. அதுவரை எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம். அவனுக்குத் தெரியவே இல்லை.

அம்மா கத்தவில்லை, விழவுமில்லை. நான்தான் அவளை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தேன். அசைத்த கையை இறக்காமல் அப்படியே முகத்துக்கு நேரே கொண்டுவந்து திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஆபரேஷனுக்கு முன்னால் கழற்றிய நெளி மோதிரம் என் பையில் இருந்தது. விரலில் அதன் வெள்ளைத் தடம் மட்டும் தெரிந்தது.

“அவன் தோள்ல கெடக்கது என் கைதானே?” என்றாள்.

இஸ்திரிக் கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“என் கை அவன்கூட இருக்கு. நான் எங்கட்டி இருந்தேன்?”

அம்மாவின் இதயம் நிற்கவில்லை. டாக்டர் பயந்தது நடக்கவில்லை. அவள் பிழைத்துக்கொண்டாள். எங்கள் பொய்யால் விளைந்த நன்மை அது, கண் முன்னால் மூச்சு விட்டுக்கொண்டு நின்றது. ஆனால் மகனின் முகத்தைக் கடைசியாக ஒரு தடவை தடவிப் பார்க்க இருந்த கையை நாங்கள்தான் பிடித்து வைத்துக்கொண்டோம். யாருக்கும் கெடுதலில்லாத பொய் என்று அதை எந்த வாயால் எழுதுவேன்? உண்மையைச் சொல்லியிருந்தால் அன்றே அவளையும் புதைத்திருப்போமோ, அதுவும் எனக்குத் தெரியாது.

அப்பா வாசற்படியிலிருந்து இறங்கி வந்து அம்மாவின் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நான் பக்கத்துல இருந்தேன் செல்வி” என்றார். “பெட்டிய மூடுறதுக்கு முன்னால உனக்காகவும் ஒரு தடவ தொட்டேன்.”

அம்மா அவருடைய கையைத் திருப்பி, உள்ளங்கையை வெகுநேரம் பார்த்தாள். பிறகு அதைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.