துண்டிலேயே வெட்டு

தாளை மேசைமேல் வைத்துவிட்டு நின்ற சைட் இன்ஜினியரின் முகத்தில் வருத்தம் பக்குவமாக ஒட்டியிருந்தது. தச்சு மேஸ்திரி இரண்டு முறை படித்துப் பார்த்தார். 'தொழிலாளியின் கவனக்குறைவால் விபத்து ஏற்பட்டது. பாதுகாப்புக் கருவிகள் அனைத்தும் இருந்தன.' கீழே சாட்சிக் கையெழுத்துக்கு ஒரு கோடு. அந்தத் தொழிலாளி வேறு யாருமில்லை, மேஸ்திரியின் தங்கை வீட்டுக்காரர். இடது கையில் இரண்டு விரல்களைப் பறிகொடுத்துவிட்டு ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார்.

கவனக்குறைவாம். மாப்பிள்ளையைப் பற்றி இந்த இன்ஜினியருக்கு என்ன தெரியும்? டீ குடிக்கப் போவதற்குக்கூட மெஷின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் போகிற மனுஷன். முடிந்தால் பிளக்கையே சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போவார் என்று மற்றவர்கள் கிண்டல் செய்வார்கள்.

சுவரும் மேல்தளமும் சேரும் மூலையில் ஓடுகிற அலங்காரச் சட்டமான கிரவுன் மோல்டிங்கை வெட்டுவது லேசுப்பட்ட வேலை இல்லை. மேல்தளத்தில் ஒட்ட வேண்டிய விளிம்பு, கோணமாக அறுக்கிற மைட்டர் மெஷினின் மேடையில் படும்படி, தலைகீழாகச் சாய்த்து வைக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் வழுக்கும். அதனால்தான் மாப்பிள்ளை மேடையில் ஒரு தடுப்புக் கட்டையைத் திருகி, கிளாம்ப் போட்டு இறுக்கி, கையை ஒரு சாண் தள்ளியே வைப்பார். முனையை மூடுகிற சின்னத் துண்டைக்கூட முழுநீள மோல்டிங்கிலிருந்துதான் எடுப்பார். பிளேடு சுற்றி நின்ற பிறகுதான் மெஷின் தலையைத் தூக்குவார்.

"ஒரு துண்டுக்கு இவ்வளவு சடங்கா?" என்று கேட்டவர் இதே இன்ஜினியர்தான். முந்தாநாள் வீட்டு ஓனர் பார்க்க வருகிறார், அதற்குள் வேலை முடிய வேண்டும் என்று தடுப்பையும் கிளாம்பையும் கழற்றச் சொன்னார். புது நீளத்தைத் தொடாதே, கழிவுத் துண்டிலேயே வெட்டு என்றார். மாப்பிள்ளை மறுத்ததற்கு, நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். மேஸ்திரி பக்கத்தில்தான் நின்றிருந்தார். "இந்த ஒரு தடவை முடிச்சுக் குடுத்துருங்க மாப்ள" என்று சொன்ன பாவி அவர்தான். மச்சான் சொல்லிவிட்டாரே என்று மாப்பிள்ளை துண்டைக் கையில் பிடித்தார். துண்டு வழுக்கி, விரல்கள் பிளேடுக்குள் போயின. அப்படிச் சொன்ன வாயை என்ன செய்வதென்று மேஸ்திரிக்குத் தெரியவில்லை.

"சீக்கிரம் கையெழுத்தைப் போடுங்க மேஸ்திரி. இல்லேன்னா உங்க வேலையும் சிக்கல்ல மாட்டிக்கும்."

"போட்டா அவர் பேரு கெட்டுப்போகும் சார். எந்த சைட்லயும் உள்ள விடமாட்டாங்க."

"அவர் இனிமே எங்க வெட்டப் போறாரு?"

மேஸ்திரி விறுவிறுவென்று மெஷினிடம் போனார். விபத்துக்குப் பிறகு, நேற்றுக் காலையில் இன்ஜினியர் அவசரமாகப் பூட்டவைத்த புதுக் கிளாம்ப் அதில் பளபளத்துக்கொண்டிருந்தது. அதைக் கழற்றிக் கீழே வைத்தார். குப்பையிலிருந்து ஒரு கழிவுத் துண்டை எடுத்து, தலைகீழாகச் சாய்த்து, பிளேடுக்கு நேராக வைத்தார்.

"கவனமா இருந்தாப் போதும்னுதானே எழுதியிருக்கீங்க. வாங்க சார், நீங்க பிடிங்க. நான் வெட்டுறேன்."

சுவரில் பட்டி பூசிக்கொண்டிருந்த இரண்டு பெயின்டர்களும் திரும்பிப் பார்த்தார்கள். மேஸ்திரி சுவிட்சை அழுத்தினார். பிளேடு வீலென்று கூடம் முழுக்கக் கத்தியது.

இன்ஜினியரின் கைகள் இரண்டும் மெல்ல முதுகுக்குப் பின்னால் போயின.