கெபி நீலம்

"என்னைத் திருடன்னு சொல்றீங்களாண்ணா? என் வூட்டு வாசல்லயே நின்னுக்கிட்டு?"

"திருடன்னு எவன்டா சொன்னான்? பெட்டி எங்கன்னுதான் கேக்கறேன். காரிமங்கலத்துல மேடைய விட்டு எறங்கறப்ப உன் கையிலதான் இருந்துச்சு."

"லாரியில வெச்சேங்கண்ணா. சந்தைக் கூட்டம். எவன் தூக்கினானோ!"

"கிட்டாரு பத்திரமா வூடு வந்து சேந்துருச்சு. பெட்டிக்கு மட்டும் காலு மொளச்சிருச்சா?"

காலைக் காப்பிக்கு முன்பே இப்படி ஒரு சண்டை கிடைத்தால் தெரு விடுமா? பல் விளக்கிக்கொண்டிருந்தவர்கள் நுரையோடு வெளியே வந்தார்கள். கேள்வி கேட்டவர் வெங்கடாசலம். தர்மபுரியில் மைக்செட்டும் மெல்லிசைக் குழுவும் வைத்திருப்பவர். பதில் சொன்னவன் செபாஸ்டின், அந்தக் குழுவின் கிட்டார்காரன். அவன் மனைவி ராஜமேரி கதவுக்குப் பின்னால் ஒரு முறத்தை இடுப்பில் அணைத்தபடி நின்றிருந்தாள். முறத்தின் மேல் ஒரு பழைய பாவாடைத் துணி. துணிக்கடியில், ஆறு ஸ்க்ரூ, ஒலியைக் கூட்டிக் குறைக்கும் இரண்டு திருகு, வயர் தொங்கும் ஒரு பச்சைத் தகடு, காலியான ஓர் ஆரஞ்சு நிற அலுமினியப் பெட்டி என்று, வெங்கடாசலம் கேட்டுக்கொண்டிருந்த பொருள் பிரிந்து கிடந்தது.

அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். செங்கல் அளவுதான். கிட்டாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவில் வயர் கொடுத்துத் தரையில் வைப்பார்கள். காலால் மிதித்தால் போதும், அதுவரை சாதுவாக இருந்த கிட்டார் கீறிக்கொண்டு உறுமும். விசில் பறக்கும். வெங்கடாசலம் அதைப் பெங்களூரில் வாங்கி, ஊரில் இறங்கியதும் கோயிலில் வைத்துப் பூஜை போட்டுத்தான் மேடை ஏற்றினார். 'பெடல் வைத்த குழு' என்று அவருக்குப் பெயரே வந்துவிட்டது.

பெங்களூரில் ஓட்டல் ஒன்றில் வாசிக்கும் செபாஸ்டினின் கூட்டாளி, போன மாதம் வந்தபோது, "பெடலோட வாடா, வேலை இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனான். சொன்னது செபாஸ்டினிடம். பற்றிக்கொண்டது ராஜமேரிக்கு.

ராஜமேரியால் ஓரிடத்தில் உட்கார முடியாது என்பது தெருவுக்கே தெரியும். வாரம் ஒரு சுவருக்குக் கட்டிலை மாற்றிப் போடுவாள். அரிசி டின் இன்று அடுப்படியில் இருந்தால் நாளை ஜன்னலோரம். ஒண்டுக்குடித்தனத்தில் மாற்றிப் போட எத்தனை சுவர்தான் இருக்கும்? சுவரெல்லாம் தீர்ந்துபோய் அவள் ஊரையே மாற்றத் தயாராக இருந்த நேரம் அது. 'இன்னும் விசேஷமில்லையா?' என்று குழாயடியில் கேட்கிறவர்கள் பெங்களூரில் இருக்க மாட்டார்கள் என்று நம்பினாள். யார் சொன்னார்களோ!

வெங்கடாசலம் கத்திவிட்டுப் போனதும் செபாஸ்டின் தரையில் சரிந்து உட்கார்ந்தான். "குடுத்துரலாமா மேரி?"

"எதுக்கு? கலரு மாறிட்டா அது அவரோடதா? பேசாம போய்ப் பல்ல வெளக்குங்க."

பெயிண்ட் அடிக்கச் சர்தார் இருந்தார். பீரோ, சைக்கிள் எல்லாம் அவர் கைதான். ஆனால் வெங்கடாசலத்தின் ஹாரன்களுக்கும் அவர்தான் பெயிண்ட் அடிப்பவர். ஆகவே அவரிடம் உப்புத்தாள் மட்டும் வாங்கிவந்து, கதவைச் சாத்திக்கொண்டு, பெட்டியின் ஆரஞ்சைத் தேய்த்தாள். போகிற மட்டும் போனது. பெயிண்டுக்கு எங்கே போவது? அங்கேதான் அவள் யோசிக்கவே இல்லை. யோசிக்காமல் கட்டிலுக்கடியில் கையை விட்டாள். மாதா திருநாளுக்கு, கோயில் முற்றத்தில் மாதா சிலை நிற்கும் சின்னக் குகையான கெபிக்கு அடித்த நீலத்தில் மிச்சம் அரை டப்பா அங்கே இருந்தது. அந்தத் தெருக் கிறிஸ்தவர் வீடுகளில் நீலம் என்றால் அதுதான். ஜன்னல், எலிப்பொறி, மாவுப் பலகை எல்லாம் வருஷா வருஷம் மாதாவின் கருணையில் நீலமாகும்.

இரண்டு பூச்சு. தூசி படாமல் முற்றத்தில் கோழிக் கூடையைக் கவிழ்த்து அதற்குள் காயவைத்தாள். அடுத்த வீட்டு ராமக்காள் எட்டிப் பார்த்து, "கோழி வாங்கியிருக்கீங்களாமா?" என்றாள்.

"ஆமாக்கா. அடை வெச்சிருக்கேன்."

"சத்தமே காணோமே."

"சாதுக் கோழிங்க."

காய்ந்தபின் எல்லாவற்றையும் திரும்பப் பூட்டினாள். ஒரு வாஷர் மிச்சமானது. அதை அடுப்புச் சாம்பலில் போட்டாள். எந்தத் திருகு எதற்கு என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது நீலத்துக்குள் முழுகிப்போனது. அதனாலென்ன?

கம்பைநல்லூரில் அவள் சித்தப்பா சவுரியப்பனின் மகளுக்குக் கல்யாணம். அதை முடித்துக்கொண்டு மறுநாள் விடியலில் அங்கிருந்தே பெங்களூருக்குப் புறப்படுவது என்று ஏற்பாடு. டிரங்குப் பெட்டியில் துணிக்கடியில் பெடல். சாயங்கால வரவேற்பில் கோயில் பையன்கள் செபாஸ்டினை வாசிக்கக் கூப்பிட்டார்கள்.

"கிட்டாரு மட்டும் வாசிங்க" என்றாள் ராஜமேரி. தலையாட்டினான்.

பந்தியிலிருந்து கை கழுவிக்கொண்டு திரும்பும்போது அவளுக்கு அந்த உறுமல் கேட்டது. உறுமலா அது! திருகு மாறிப்போய், ஒலியைக் குறைக்கிறேன் என்று ஏற்றிவிட்டிருந்தான். பிள்ளைகள் அலறின. மணப்பெண் காதைப் பொத்தினாள். அதே தெருவிலிருந்து கல்யாணத்துக்கு வந்து முன்வரிசையில் இருந்த ஜெபமாலைச் சங்கத் தலைவி ராயம்மாள், என்ன வெடித்தது என்று பார்க்க மேடைக்கே போய்க் குனிந்தாள். குனிந்தவள் நிமிரவில்லை.

"ஏ ராஜமேரி! இங்க வா! இது கெபிக்கு வாங்கின பெயிண்டு இல்ல? மிச்சமே இல்லன்னு எங்கிட்டச் சொன்னே!"

"உங்க வூட்டு ஜன்னலு என்ன கலருங்கக்கா?"

"ஜன்னலு வேற! அது கோயிலப் பாத்த ஜன்னலு! இந்தப் பேய்ப் பெட்டிக்கா மாதா பெயிண்டு?"

மேடைக்குப் பக்கத்தில் ஆம்ப்ளிஃபயர் முன்னால் உட்கார்ந்திருந்தவர் எழுந்து வந்தார். வெங்கடாசலம். அவர் மைக்செட்தான். பெட்டியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். சாவிக்கொத்தால் ஒரு மூலையைச் சுரண்டினார். நீலத்துக்கடியில் ஆரஞ்சு எட்டிப் பார்த்தது. அடி விழப்போகிறது என்று பந்தியில் பாதிப் பேர் எச்சில் கையோடு எழுந்துவிட்டார்கள்.

அவர் அடிக்கவில்லை. "பூச்சு நல்லாத்தான் இருக்கு" என்றார். "வெள்ளிக்கெழம பாப்பாரப்பட்டியில கச்சேரி. பெட்டியோட வந்துரு."

"சரிங்கண்ணா."

எவ்வளவு சீக்கிரம் வந்தது அந்தச் சரிங்கண்ணா! ராஜமேரி அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மாட்டிக்கொண்டவன் முகமாக அது இல்லை. தொலைந்த பிள்ளையை வீட்டில் கொண்டுவந்து விட்டதுபோல இருந்தான்.

"மைக்செட்டு அவருதுன்னு உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டாள்.

"கவனிக்கல மேரி."

பந்தலின் நாலு மூலையிலும் ஹாரன்கள் தொங்கின. ஒவ்வொன்றிலும் முழ நீளத்துக்கு வெங்கடாசலம் என்று எழுதியிருந்தது. அவள் ராத்திரி முழுக்க டிரங்குப் பெட்டியைப் பிரித்து, அடுக்கி, மறுபடி பிரித்துக்கொண்டிருந்தாளாம். காலையில் அதில் அவள் துணி மட்டும் இருந்தது. அவன் தர்மபுரி பஸ்ஸுக்கு நின்றான். அவள் கிருஷ்ணகிரி பஸ்ஸில் ஏறி, "அக்கா வூட்டுக்கு, ஓசூருக்குப் போறேன்" என்றாள். எப்போது வருவாய் என்று அவன் கேட்பதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது என்பது அவன் சொன்னது. கேட்கவே இல்லை என்பது சவுரியப்பன் சொன்னது.

பிறகு நடந்ததெல்லாம் ஊரறிந்தது. ராயம்மாள் தன் மகளைக் கோலார் பக்கம் கட்டிக்கொடுத்தாள். வெங்கடாசலம் மகள் கல்யாணத்தோடு குழுவைக் கலைத்துவிட்டுச் சேலத்துக்குக் குடிபோனார். ராஜமேரிக்கு ஓசூரில் கம்பெனி வேலை கிடைத்தது. சாமான் பிரித்துப் பூட்டும் வேலை தருவார்கள் என்று போனவளுக்கு அட்டைப்பெட்டி ஒட்டும் வேலை. செபாஸ்டின் அவளைக் கூப்பிடப் போய்ப்போய்த் தனியாகத் திரும்பிவந்தான். கடைசியாகப் போனவன் திரும்பவில்லை. அங்கேதான் இருக்கிறானா, வேறெங்காவது போனானா என்று யாரும் உறுதியாகச் சொல்லவில்லை.

ராமக்காள் மட்டும் ஒருமுறை அவளை ஓசூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்தாள். ஷிப்டு விட்ட நேரம். பெங்களூர் பஸ் நிரம்பி வழிந்தபடி நகர, ராஜமேரி கூடவே ஓடினாளாம். ஒரு கால் படியில், ஒரு கால் காற்றில். உள்ளேயிருந்து ஓர் ஆண் கை நீண்டு அவளை மேலே இழுத்தது. கையில் வாட்ச் கட்டியிருந்தது. செபாஸ்டின் வாட்ச் கட்டுகிறவன் இல்லை. ஓசூர் போனால் யார் வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம் என்பது வேறு. முகம் தெரியவில்லை. அவள் முந்தானை மட்டும் வெளியே பறந்துகொண்டே போனது.